ஒரு வீட்டுக்காரங்க

ஏப்ரல் 16, ஞாயிறு

இன்று டார்க்கஸ் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து அலமாரி வரை போய்த் திரும்பினாள். முகமெல்லாம் வியர்த்துவிட்டது. ஆனாலும் போனாள். தேவனுக்கு ஸ்தோத்திரம். குளியலறையில் வழுக்கி விழுந்து, பாளையங்கோட்டையில் இடுப்பெலும்புக்கு ஆபரேஷன் ஆகி, வீட்டுக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. ஐம்பத்தெட்டு வயதுக்கு இது சீக்கிரம் என்று பிசியோ தம்பி சொன்னார். முப்பது வருடம் நர்ஸாக இருந்து மற்றவர்களைத் தூக்கி உட்காரவைத்தவள், தன்னைத் தூக்க விடமாட்டேன் என்கிறாள். அதோடுதான் என் போராட்டம்.

அவளுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு மாலை ஆராதனைக்கு மட்டும் போய்வந்தேன். வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்திருந்தார். குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் படங்களில் ஓரினச் சேர்க்கையைப் பற்றிய செய்திகளை ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். திரையில் படங்களைப் போட்டு, சிவப்பு வட்டமிட்டுக் காட்டினார். பின்னால் நிற்கும் கூட்டத்தில் இரண்டு எலிகள் கைகோத்திருந்தன. அதற்கு ஒரு வட்டம். தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

மே மாதம் எங்கள் விடுமுறை வேதப்பள்ளியின் கடைசி நாளில் வழக்கமாக ஒரு கார்ட்டூன் படம் போடுவோம். பிள்ளைகள் அதற்காகத்தான் பத்து நாளும் தவறாமல் வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆராதனை முடிந்ததும் கமிட்டிச் செயலாளர் எடிசன், இந்த வருடம் படமே வேண்டாம் என்றார். கோயில்பிச்சை அண்ணாச்சிதான் தடுத்தார். இரும்புக்கடை வைத்திருப்பவர், கமிட்டியில் மூத்தவர், எடுத்தோம் கவிழ்த்தோம் என்று எதையும் செய்யமாட்டார்.

“வேண்டாம்னு சொல்லுதது லேசு. பாக்காம எப்படிச் சொல்ல? டீச்சர், நீங்கதான ஞாயிறு பள்ளிக்குப் பொறுப்பு. படங்களப் பாத்துட்டு வந்து கமிட்டில சொல்லுங்க. நீங்க சொன்னா சனங்க கேப்பாங்க.”

சரி என்று வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் டார்க்கஸ் சிரித்த சிரிப்பில் தையல் வலித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

“ஊருல வேற ஆளே கெடைக்கலயா அவருக்கு?”

ராத்திரி மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன்.


ஏப்ரல் 18, செவ்வாய்

கரண்ட் மூன்று மணி நேரம் இல்லை. விசிறிக்கொண்டே இருந்தேன். கை வலி. கரண்ட் வந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் “அப்பாடா” என்றோம்.


ஏப்ரல் 20, வியாழன்

எடிசன் தம்பி ஒரு பென் டிரைவில் ஆறு படங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட பெண், கடைசியில் கல்யாணம் செய்யாத ராஜகுமாரி, அழுகிற ஆண், வானவில். வானவில் வந்தால் எத்தனையாவது நிமிடம் என்று குறித்துக்கொள்ளச் சொன்னார். ஞாயிறு பள்ளிச் சுவரில் வேதத்தில் வரும் பேழைக் கப்பலுக்கு மேலே பெரிய வானவில் இருக்கிறதே தம்பி, அதை நான்தானே தீட்டினேன் என்றேன். அது வேற டீச்சர் என்றார். எப்படி வேறு என்று கேட்கலாம் என்று நினைத்தேன். அடுப்பில் பால் இருந்ததால் விட்டுவிட்டேன்.

கூடத்திலிருந்த டி.வி.யைப் பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவரைக் கூப்பிட்டுப் படுக்கையறைக்கு மாற்றினேன். டார்க்கஸும் பார்க்கலாம் அல்லவா. அவள் காலுக்கு அடியில் இரண்டு தலையணை, முதுகுக்கு ஒன்று. நான் கட்டிலின் மறுபக்கம் சாய்ந்துகொண்டேன்.

முதல் படம் ஒரு தீயணைப்பு வண்டியைப் பற்றியது. தீயைக் கண்டால் அதற்கே பயம். மற்ற வண்டிகள் கேலி செய்கின்றன. அப்புறம் என்ன, ஊரைக் காப்பாற்றுகிறது. பாதியில் டார்க்கஸ் தூங்கிவிட்டாள். அவள் வலியில்லாமல் தூங்கி நான் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. படம் முடிந்தும் டி.வி.யை நிறுத்தாமல், சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தத் தீயணைப்பு வண்டிக்கு நன்றி.


ஏப்ரல் 22, சனி

பள்ளிக்கூடத்துக்குக் கடைசி வேலை நாட்கள். ரெக்கார்டுகளை முடித்துவிட்டு வர மூன்று மணி. வந்து அவள் முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டேன். படுக்கைப்புண் வராமல் இதுவரை காத்த கிருபைக்காக ஸ்தோத்திரம்.

இன்றைய படத்தில் ஒரு ராஜகுமாரி. வாளால் தன் பின்னலை அறுத்துப் போட்டுவிட்டுக் கப்பலேறிப் போகிறாள். கூடவே அரண்மனைச் சமையல்காரி. கடைசிவரை கல்யாணம் இல்லை. எடிசன் சொன்ன குறிகளில் இரண்டு இந்த ஒரே படத்தில் இருக்கின்றன.

எனக்கும் கல்யாணம் ஆகவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் என்றுதான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன். அப்பா இறந்தபோது எனக்கு முப்பது வயது. அந்த வருடம்தான் மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டேன். டார்க்கஸ் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தாள். ஆஸ்பத்திரியில் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்க வேண்டியவள், மாடியில் வெக்கை தாங்கவில்லை என்று ஆறு மாதத்தில் கீழே வந்துவிட்டாள். அதாயிற்று இருபத்து நாலு வருடம். மழைக்காலத்தில் மாடி குளிர்ச்சியாகத்தான் இருக்கும். அப்போதும் அவள் கீழேதான்.

வெளியில் ‘அக்கா, நீங்க’ என்பேன். வீட்டில் நீ, வா, போதான்.


ஏப்ரல் 25, செவ்வாய்

இந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

ஒரு பாழடைந்த மாவு மில். அதில் ஒரு வாத்தும் ஒரு கின்னிக்கோழியும் குடியிருக்கின்றன. இரண்டும் பெட்டை. தமிழில் பேசவைத்திருக்கிறார்கள். வாத்து அப்படியே சென்னைப் பேச்சுப் பேசுகிறது. எப்போது சேர்ந்தன, ஏன் சேர்ந்தன என்று படம் சொல்லவில்லை. படம் தொடங்கும்போதே அவை பழகிப்போனவை. காலையில் எழுந்ததும் விறகை எப்படி அடுக்குவது என்று சண்டை. கூரை ஒழுகுகிறது, யார் ஏறுவது என்று சண்டை. ஒருநாள் ஆற்றில் மிதந்துகொண்டு ஒரு முட்டை வருகிறது. எந்தப் பறவையின் முட்டை என்று தெரியாது. மாறி மாறி அடைகாக்கின்றன. நரி வருகிறது, வெள்ளம் வருகிறது. வெள்ளத்தில் கின்னிக்கோழியால் நீந்த முடியாது. வாத்து நீந்திப் போய்விடலாம். போகவில்லை. மில்லின் உத்தரத்தில் கின்னிக்கோழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது. தண்ணீர் ஏறுகிறது. இரண்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல வேளை, தண்ணீர் வடிந்துவிடுகிறது. முட்டையிலிருந்து ஒரு கொக்குக் குஞ்சு வருகிறது.

அவ்வளவுதான் கதை. முத்தமில்லை, வானவில் இல்லை. இரவில் ஒன்றின் இறகுக்குள் மற்றொன்று அலகைச் செருகிக்கொண்டு தூங்குகிறது. கோழிகள் அப்படித்தான் தூங்கும்.

டார்க்கஸ் தூங்காமல் முழுப் படத்தையும் பார்த்தாள். விறகுச் சண்டையில் மட்டும், “அது அப்படியே நீதான்” என்றாள். முடிந்ததும் ரிமோட்டை எடுத்து டி.வி.யை நிறுத்தினாள்.

“இத என்னன்னு சொல்லப் போற?”

ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவேன் என்றேன்.

“ஒண்ணுமில்லியா?” என்றாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சொந்தமாகத் திரும்பிப் படுக்க இன்றுதான் அவளால் முடிந்தது. அதற்கும் நன்றிதான் சொல்ல வேண்டும்.


ஏப்ரல் 27, வியாழன்

மீதிப் படங்களும் பார்த்தாகிவிட்டது. சாளை மீன் மலிவு. குழம்பு வைத்தேன்.


ஏப்ரல் 29, சனி

எடிசனின் மனைவி ஷைனி ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிக்கொண்டு நோயாளியைப் பார்க்க வந்தாள். நல்ல பெண். அவளுடைய இரண்டாவது பிரசவத்தில் டார்க்கஸ்தான் ராத்திரி முழுக்கக் கூட இருந்தாள். அந்தப் பிள்ளை ஞாயிறு பள்ளியில் என் வகுப்பில்தான் படிக்கிறது.

இதுவரை வந்தவர்களெல்லாம் கட்டிலைப் பார்த்து, காலைப் பார்த்து, மாத்திரைகளைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார்கள். ஷைனி அறையைப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள், கொடியில் கிடந்த இரண்டு நைட்டிகளைப் பார்த்தாள், கட்டிலின் மறுபக்கத்தில் இருந்த என் கண்ணாடியையும் புத்தகத்தையும் பார்த்தாள்.

“டீச்சர், நீங்க எங்க படுக்கீங்க?”

“மாடில,” என்றேன்.

யோசிக்கவேயில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. டார்க்கஸ் என்னையே பார்த்தாள். ஷைனி சரி சரி என்று தலையாட்டி, ஜெபித்துவிட்டுப் போனாள்.

டார்க்கஸ் சாயங்காலம் டீயை வாங்கிக் குடித்தாள். கஞ்சியை வாங்கிக் குடித்தாள். பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை.


ஏப்ரல் 30, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் பெண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் பேச்சு நின்றது. வெயிலைப் பற்றி ஒருத்தி ஆரம்பித்தாள்.

எடிசன் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். பிரசங்கியாரின் சின்னப் புத்தகத்தில் இன்னொரு குறியும் போட்டிருக்கிறதாம். கல்யாணமாகாத இரண்டு பெண்கள், அல்லது இரண்டு ஆண்கள், உறவு முறை எதுவுமில்லாமல் ஒரே வீட்டில் குடியிருப்பதாகக் காட்டினால் அதையும் கவனிக்க வேண்டுமாம்.

“படத்துலதான் சொல்லுதேன் டீச்சர். தப்பா எடுத்துக்காதீங்க.”

நான் எதையும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்றேன். எங்கள் வீட்டில் மாடி இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் கேட்கவேயில்லை. நானாகச் சொன்னேன்.

நடந்து வரும்போது யோசித்தேன். இருபத்து நாலு வருடம் இந்த ஜனங்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு, ஊசி போட, டியூஷனுக்கு. யாரும் எதையும் பார்த்ததில்லை. அல்லது பார்த்தும் அதை ஒரு விஷயமாக எடுத்துக்கொண்டதில்லை. டீச்சரும் சிஸ்டரும். அவ்வளவுதான் நாங்கள். இப்போது ஒளிந்திருப்பதைத் தேட அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. கார்ட்டூனில் பழகிய கண் அங்கேயே நிற்குமா?

மாடியைப் பெருக்கினேன். கூடை கூடையாகக் குப்பை, பழைய தேங்காய் மட்டை, ஒரு பல்லி முட்டை. பாயும் தலையணையும் கொண்டுபோய் வைத்தேன். தேவைப்பட்டால் கூப்பிடு என்று டார்க்கஸின் கைக்கு எட்டுமிடத்தில் போனை வைத்தேன். அவள் போனையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். போ என்றாள்.


மே 1, திங்கள்

காலையில் காபியோடு உள்ளே போனால் டார்க்கஸ் தரையில் இருக்கிறாள். கட்டிலில் சாய்ந்து, காலை நீட்டி, வாக்கர் ஒரு பக்கம் கவிழ்ந்து கிடக்கிறது. பாத்ரூமுக்குப் போகத் தானாக எழுந்திருக்கிறாள். விழவில்லை, சறுக்கி உட்கார்ந்துவிட்டேன் என்றாள். சேலையெல்லாம் நனைந்து, ஈரம் காய்ந்தும்விட்டிருந்தது.

போன் தலையணைக்குப் பக்கத்தில் நான் வைத்த இடத்திலேயே இருந்தது.

ஏன் கூப்பிடவில்லை என்று கத்திவிட்டேன்.

“மாடி வீட்டுக்காரிய எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?”

அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் அழுததும் அவள்தான் என் முதுகைத் தடவினாள். ஐம்பத்து நாலு வயதுக்காரி, ஞாயிறு பள்ளிக்குப் பொறுப்பாளர், ஒரு பொய்யை மெய்யாக்கக் குப்பையெல்லாம் பெருக்கி மாடியேறிப் போனேன்.

ஆட்டோ வைத்து எக்ஸ்ரே எடுக்கப் போனோம். போட்ட கம்பி அசையவில்லை. எலும்பும் சேர்ந்து வருகிறது. கர்த்தாவே, உமக்கு எத்தனை தரம் ஸ்தோத்திரம் சொன்னாலும் போதாது.


மே 2, செவ்வாய்

பாயைக் கீழே எடுத்துவரலாம் என்று நினைத்தேன். பாய் எதற்கு. அது மாடியிலேயே கிடக்கட்டும்.


மே 4, வியாழன்

அக்னி நட்சத்திரம் பிறந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீரே சுடுகிறது.

பதினொரு மணிக்கு வாசலில் ஸ்கூட்டர் சத்தம். கோயில்பிச்சை அண்ணாச்சி. கையில் ஒரு பை நிறைய நுங்கு. கூடத்தில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். எடிசனும் ஷைனியும் தன்னிடம் வந்து பேசியதாகச் சொன்னார். படங்களைப் பார்த்துச் சொல்லும் வேலையை வேறு யாரிடமாவது கொடுக்கலாம் என்று அபிப்பிராயப்படுகிறார்களாம். ஏன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் நுங்குப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அறைக்குள்ளிருந்து டார்க்கஸ் கூப்பிட்டாள்.

“அண்ணாச்சி, உள்ள வாங்க. அங்கன நின்னு பேசுனா எனக்குக் கேக்கல.”

உள்ளே வந்து வாசல்படி ஓரமாக நின்றார். டார்க்கஸ் எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். சௌக்கியமா என்று கேட்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“எப்சி மாடில படுக்கல அண்ணாச்சி. இங்கனதான் படுக்கா. இருவத்தி நாலு வருசமா. யாராச்சும் கேட்டா அப்படியே சொல்லுங்க.”

எனக்குக் கை காலெல்லாம் குளிர்ந்துவிட்டது. அந்த வெயிலில்.

அண்ணாச்சி கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அப்புறம் வேறெங்கோ ஆரம்பித்தார். அவருடைய மனைவி புற்றுநோயில் கிடந்த கடைசி மாதங்களைப் பற்றி. டார்க்கஸ் ஆஸ்பத்திரி வேலை முடிந்து தினமும் அவர்கள் வீட்டுக்குப் போய், புண்ணைக் கழுவி, துணி மாற்றிவிட்டு வருவாள். நான் வீட்டில் சாப்பிடாமல் காத்திருப்பேன்.

“கடைசில வாடை தாங்க முடியாம நான் திண்டாடுனேன். பக்கத்துல போகவே பயம். சிஸ்டர் அவ தலைய மடில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க,” என்றார். ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்தார்.

“எனக்கு வேற ஒண்ணும் தெரிய வேண்டாம் டீச்சர். சனிக்கிழம ஆறு மணிக்குக் கமிட்டி. நீங்களே வந்து சொல்லுங்க.” வாசல் வரை போய்த் திரும்பி, “நுங்கு முத்திரும். இப்பமே சாப்பிடுங்க,” என்றார்.

சாப்பிட்டோம். அவ்வளவு இளசான நுங்கை இந்த வருடம் பார்க்கவில்லை. டார்க்கஸ் ஏழு கண் சாப்பிட்டாள். எனக்கு இரண்டுக்கு மேல் இறங்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். படுத்துக் கிடந்து கிடந்து அலுத்துவிட்டது என்றாள்.


மே 6, சனி

கமிட்டி முடிந்து வந்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒன்பது பேர் இருந்தார்கள். போதகர் தலைமை. அவருக்கு முப்பத்திரண்டு வயது, இதுதான் முதல் சபை. ஷைனி கமிட்டியில் இல்லை, ஆனால் பெற்றோர் சார்பில் வந்திருந்தாள். நான் படம் படமாகச் சொன்னேன். தீயணைப்பு வண்டி: பயத்தைப் பற்றிய கதை. ராஜகுமாரி: பிடிவாதத்தைப் பற்றியது, சண்டை அதிகம், சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். இப்படியே ஐந்து. எல்லோரும் தலையாட்டிக்கொண்டே கேட்டார்கள். பிறகு அந்த மில்லின் கதையைச் சொன்னேன். வாத்து, கின்னிக்கோழி, முட்டை, வெள்ளம். இந்தப் படத்தைத்தான் பிள்ளைகளுக்குப் போட விரும்புகிறேன் என்றேன்.

இதில் ஒளித்துவைத்த செய்தி ஏதாவது உண்டா என்று எடிசன் கேட்டார்.

ஒன்றுமில்லை என்று சொல்வதாகத்தான் போகும்வரை நினைத்திருந்தேன். ஒன்றுமில்லையா என்று டார்க்கஸ் கேட்டது அப்போது ஞாபகத்துக்கு வந்தது.

“ஒளிச்சு வச்சது எதுவும் இல்ல தம்பி. எல்லாம் வெளிலதான் இருக்கு. ரெண்டும் சேந்து இருக்குதுக, சண்டை போடுதுக, தண்ணி வந்தப்போ ஒண்ண ஒண்ணு விட்டுட்டுப் போகல. பிள்ளைகளுக்கு இதக் காட்டலாம்.”

“அது சரி. அந்த ரெண்டுக்கும் என்ன உறவுன்னு பிள்ளைக கேட்டா?” இது ஷைனி. என் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

“ஒரு வீட்டுக்காரங்க,” என்றேன்.

எனக்குத் தெரிந்த வார்த்தை அது ஒன்றுதான். எங்களை நினைத்துத்தான் சொல்கிறேன் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. அவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது. நான் தலையைக் குனியவில்லை. என்ன தைரியம் என்று இப்போது நினைத்தால் வியர்க்கிறது.

கோயில்பிச்சை அண்ணாச்சிதான் முதலில் பேசினார். “படத்தப் போடுவோம். டீச்சர் பாத்துட்டாங்கள்ல,” என்றார். அவரோடு சேர்த்து ஐந்து பேர் சரி என்றார்கள். எடிசனும் இன்னும் இருவரும் வேண்டாம் என்றார்கள். போதகர் வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, பெரும்பான்மைப்படி செய்யலாம் என்று முடித்தார். கிளம்பும்போது என்னிடம் மட்டும், அடுத்த வருடத்துக்கு ஞாயிறு பள்ளிப் பொறுப்பைப் பற்றி யோசிப்போம் டீச்சர், நீங்களும் ரொம்ப வருடம் உழைத்துவிட்டீர்கள் என்றார். கனிவாகத்தான் சொன்னார். எனக்குப் புரிந்தது.

டார்க்கஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியாகச் சொன்னதையும். ஞாயிறு பள்ளியில் பதினாறு வருடம் போதாதா, இனிமேல் ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லிக்கு ஆறுமணிக்கே அவசரப்படுத்தமாட்டாய் என்றாள். பிறகு என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு தூங்கினாள். கை மரத்துப்போகும்வரை எடுக்கவில்லை.


மே 8, திங்கள்

வேதப்பள்ளி ஆரம்பம். போன வருடம் வந்ததைவிடப் பிள்ளைகள் குறைவு. ஷைனியின் பிள்ளைகள் இருவரும் வரவில்லை. சின்னவள் நன்றாகப் பாடுவாள். அவள் இல்லாமல் முதல் பாட்டு சோகையாக இருந்தது. ஆனாலும் கூடம் நிறைந்திருந்தது. வந்த பிள்ளைகளுக்காக ஸ்தோத்திரம், வராதவர்களையும் காத்தருளும்.


மே 12, வெள்ளி

டார்க்கஸ் தனியாகக் குளித்தாள். கதவுக்கு வெளியே நான் நின்றேன். உள்ளே பாடினாள், எனக்குக் கேட்க வேண்டும் என்றே கர்ணகடூரமாக.


மே 17, புதன்

படம் போட்டோம்.

டார்க்கஸை ஆட்டோவில் அழைத்துப் போனேன். ஆபரேஷனுக்குப் பிறகு, ஆஸ்பத்திரியைத் தவிர, அவள் வரும் முதல் வெளியிடம். பிள்ளைகள் ஓடிவந்து வாக்கரைத் தள்ளிப் பார்க்க வேண்டும் என்றார்கள். வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள்.

நரி வந்தபோது கூடமே அலறியது. வெள்ளம் வந்தபோது ஒரு சத்தமில்லை. முன்வரிசையில் ஒரு பொடியன் மட்டும், போயிராத, போயிராத என்று வாத்திடம் சொல்லிக்கொண்டிருந்தான். பின்னால் நின்ற பெரியவர்கள் சிலருக்கும் கண் கலங்கியிருந்தது. எடிசன் வாசலில் நின்றபடியே பார்த்தார். உள்ளேயும் வரவில்லை, போகவும் இல்லை.

படம் முடிந்து கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன். நிறையக் கேட்டார்கள். கொக்குக் குஞ்சு பெரிதானதும் பறந்து போய்விடுமா? நரி ராத்திரி என்ன சாப்பிட்டிருக்கும்? முட்டை எப்படித் தண்ணீரில் மிதந்தது? வாத்துக்கும் கின்னிக்கோழிக்கும் என்ன உறவு என்று ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை. தயாராக வைத்திருந்த பதில் என்னிடமே தங்கிவிட்டது. அப்புறம் பொட்டலத்தில் மிக்சரும் லட்டும் கொடுத்தோம். லட்டு ஒன்பது குறைந்துவிட்டது. அண்ணாச்சி மிட்டாய்க் கடைக்கு ஆளனுப்பி வாங்கிக் கொடுத்தார்.


மே 21, ஞாயிறு

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமைகளில், ஏதாவது நன்மை பெற்றவர்கள் கவரில் காணிக்கை போட்டு, மேலே காரணத்தையும் பெயரையும் எழுதிக் கொடுப்பார்கள். போதகர் ஒவ்வொன்றாக வாசிப்பார். அந்தந்தக் குடும்பத்தார் எழுந்து முன்னால் போய் நிற்பார்கள். இவ்வளவு வருடமும் நாங்கள் தனித்தனியாகத்தான் கொடுத்து வந்திருக்கிறோம். அவள் பெயரில் ஒன்று, என் பெயரில் ஒன்று. ஒரே நாளில் கூடக் கொடுப்பதில்லை.

சுகம் கிடைத்ததற்காகக் காணிக்கை போட வேண்டும் என்று டார்க்கஸ் சொன்னாள். நேற்று அவளே கவரில் எழுதி, அவளே ஒட்டினாள். காலையில் நான்தான் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டேன். என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்க்கவில்லை. அவள் காணிக்கை, அவள் பெயர், பார்க்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

போதகர் வாசித்தார். மகள் பிளஸ் டூ தேறியதற்காக ஒரு குடும்பத்தார். புது வீடு குடிபுகுந்ததற்காக ஒரு குடும்பத்தார். அடுத்த கவரை எடுத்தார். வாசிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். முந்தைய இரண்டையும் வாசித்த அதே குரலில்தான் வாசித்தார்.

“இடுப்பெலும்பு அறுவை சிகிச்சையில் பூரண சுகம் தந்ததற்காக, டார்க்கஸ், எப்சிபா குடும்பத்தார்.”

என் காதில் விழுந்ததை என்னால் நம்ப முடியவில்லை. டார்க்கஸ் அதற்குள் வாக்கரை ஊன்றி எழுந்துவிட்டாள். “எந்திரிட்டி” என்றாள், நாலு வரிசைக்குக் கேட்கும்படி. எழுந்தேன். அவள் நடைக்குத் தக்கபடி மெதுவாகத்தான் போக முடிந்தது. எங்கள் சபைக் கோயில் இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. ஷைனி பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். ஓரத்து இருக்கையில் இருந்த கோயில்பிச்சை அண்ணாச்சி, வாக்கர் போக வழிவிட்டுத் தன் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மற்ற குடும்பங்களோடு முன்னால் நின்றோம். போதகர் எல்லோருடைய தலையிலும் கை வைத்தது போல எங்கள் தலையிலும் வைத்து ஜெபித்தார். அவருக்காகவும் நான் ஜெபித்தேன்.

ஆட்டோவில் திரும்பி வரும்போது, என்னிடம் ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

“சொல்லியிருந்தா நீ ரெண்டு கவர் ஆக்கியிருப்ப,” என்றாள்.

ஆக்கியிருப்பேன். ஸ்தோத்திரம்.